‘எந்த ஊரு?’ என்று கேட்காத விளையாட்டுகள்

போன புதன்கிழமை ஒரு தம்பி அலைபேசியில் அழைத்தான். சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறான். களப்பணிக்காக அவனைத் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் எச்.ஆர். பிரிவில் போட்டிருக்கிறார்கள். “அக்கா, சனிக்கிழமை ஆபீஸ் ஸ்டாஃபுக்கு டீம் பில்டிங் நடத்தச் சொல்லிட்டாங்க. ஒரு மணி நேரம்தான். சட்டுனு முடியற மாதிரி நாலு கேம் சொல்லுங்களேன்” என்றான்.

நாலு விளையாட்டைச் சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். “முதல்ல என்ன பண்ணலாம்னு நீ யோசிச்சு வெச்சிருக்கே?” என்று கேட்டேன்.

“பந்து போடறதுக்கா. யார் கையில பந்து வருதோ அவங்க பேரு, சொந்த ஊரு, பிடிச்ச சாப்பாடு மூணும் சொல்லணும். ஜாலியா இருக்கும்.”

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. அதே பந்தை நானும் ஒரு நாள் வீசியிருக்கிறேன். அன்று நடந்ததை அவனிடம் சொன்னேன். களப்பணிக்கும் பயிற்சிக்கும் வேலைக்கும் போகிற நீங்கள் எல்லாரும் இந்த மாதிரி விளையாட்டை நடத்தவோ அதில் உட்காரவோ போகிறவர்கள். அதனால் உங்களுக்கும் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முந்தைய கதை. பெயர் வேண்டாம், ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனி. வெளிநாட்டு பையரின் தணிக்கை வரப்போகிறது. ‘ஊழியர் நலப் பயிற்சி நடத்தினோம்’ என்று கோப்பில் காட்ட ஒரு புகைப்படமும் கையெழுத்துத் தாளும் வேண்டும். நான் வேலை செய்த அமைப்பைக் கூப்பிட்டார்கள், அமைப்பு என்னை அனுப்பியது. கான்ஃபரன்ஸ் ஹாலில் இருபத்தைந்து பேர் இருக்கும். மெர்ச்சண்டைசர்கள், கணக்குப் பிரிவு, சாம்பிள் பிரிவு, ஷிப்பிங் பேப்பர் பார்ப்பவர்கள். கீழே தையல் தளத்தில் இருந்து ஒருவரும் இல்லை. ‘ஆபீஸ் ஸ்டாஃபுக்கு மட்டும்’ என்று முன்பே சொல்லிவிட்டார்கள். நானும் ஏன் என்று கேட்கவில்லை.

பந்தை வீசினேன். பெயர், சொந்த ஊர், பிடித்த சாப்பாடு. சிரிப்பும் கைத்தட்டலுமாகப் போனது. ஏழாவதோ எட்டாவதோ ஆளாக ஓர் இளம் மெர்ச்சண்டைசர் கையில் பந்து விழுந்தது. பெயரைச் சொன்னாள். பக்கத்தில் இருக்கும் ஒரு பெரிய ஊரின் பெயரைச் சொன்னாள். பிரியாணி பிடிக்கும் என்றாள். பந்தை அடுத்தவருக்குப் போடக் கையை ஓங்கியபோது, கணக்குப் பிரிவில் இருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: “அங்க எந்தப் பக்கம் அம்முணி? எங்க அக்காவைக் கட்டிக் கொடுத்தது அந்த ஊர்லதான்.”

“ஊருக்குக் கொஞ்சம் வெளியிலங்க.”

“வெளியன்னா எந்த ஊரு?”

அவள் கிராமத்தின் பெயரைச் சொன்னாள். “அட, அங்க எல்லாம் நம்ம ஆளுங்கதானே. எந்தக் கூட்டம்?” என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கொங்குப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வியின் அர்த்தத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. பதில் இல்லை என்பதே பதிலாகிவிட்டது. பெரியவர் “ஓ” என்றார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கெட்ட வார்த்தை எதுவும் பேசவில்லை.

நான் என்ன செய்தேன்? “சூப்பர், அடுத்தது யாரு?” என்று கைதட்டினேன்.

டீ இடைவேளையில் கை கழுவும் இடத்தில் அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: “அக்கா, ஊரு கேக்கற கேம் மட்டும் வேண்டாம்க்கா. ரெண்டு வருசமா தப்பிச்சுட்டு இருந்தேன்.”

நானும் அவளும் ஒரே மாதிரிக் குடியிருப்பில் பிறந்தவர்கள். அவள் கிராமப் பெயரைச் சொன்னபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் யார் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் என்னிடம் வந்து சொன்னாள். எச்.ஆரிடம் போய்ச் சொல்லியிருக்க முடியுமா?

ஒரு மாதம் கழித்து அவளிடமிருந்து அழைப்பு. அந்த அலுவலகத்தில் மாதத்தின் கடைசி சனிக்கிழமை எல்லாரும் வீட்டில் சமைத்து எடுத்துவந்து பகிர்ந்து சாப்பிடுவார்கள். அதுவும் ஒரு டீம் பில்டிங்தான். முன்பெல்லாம் இவள் கொண்டுபோகும் புளிசோறு முதலில் காலியாகுமாம். அந்த மாதம் டப்பா போன மாதிரியே திரும்பி வந்தது. “வயிறு ஃபுல்லு”, “எனக்குப் புளி ஒத்துக்காது” என்றார்களாம். “நானே வீட்ல வந்து சாப்பிட்டேங்க்கா” என்று சிரித்தாள்.

என் பந்தால்தான் இது நடந்தது என்று நிரூபிக்க முடியாது. அன்று எல்லாருக்கும் உண்மையிலேயே வயிறு நிறைந்திருக்கலாம். படித்த அலுவலகத்தில் சாதி இப்படித்தான் வேலை செய்கிறது. திரும்பி வந்த சோற்று டப்பாவை எந்தக் காவல் நிலையத்தில் சாட்சியாகக் கொடுப்பது? இதே மாவட்டத்தில், 2018இல், அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே தடுத்தார்கள். அது வெளிப்படையாக நடந்ததால் போராட முடிந்தது, வழக்குப் போட முடிந்தது. குளிரூட்டிய அறையில் ‘வயிறு ஃபுல்லு’ என்று சொன்னால் என்ன செய்வது?

எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்பதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. நான் சமூகவியல் முதுகலை. முதல் நாள் வகுப்பில் அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னபோது ‘திருப்பூர்’ என்று மட்டும் சொன்னேன். சாதியைப் பற்றி ஒரு தாள் முழுக்க எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். எந்த ஊர் என்ற கேள்விக்கு மட்டும் இரண்டு ஆண்டும் முழுப் பதில் சொன்னதில்லை. அப்படித் தப்பித்து வந்தவள்தான் இன்னொருத்தியின் மேல் பந்தை வீசினேன். பயிற்சிக் கையேட்டில் இருந்தது, எல்லாரும் செய்கிறார்கள், நானும் செய்தேன்.

வட இந்தியாவில் பெயரின் வாலைக் கேட்டாலே போதும். தமிழ்நாட்டில் அது முடியாது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்ன பிறகு, நம் பெயர்களில் முன்னெழுத்து மட்டும் நின்றது. பெரிய சாதனைதான். ஆனால் பெயரில் இருந்து போனது முகவரிக்குக் குடிபோயிற்று. எந்த ஊர், ஊருக்குள்ளா வெளியிலா, எந்தத் தெரு, குலதெய்வம் எது, அப்பா என்ன பண்றார், எந்த ஸ்கூல்ல படிச்சே. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நட்பான கேள்வி. நாலைச் சேர்த்தால் சாதிச் சான்றிதழ். 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களில் இருந்து நீக்கப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல் போகட்டும், நல்லது. கேள்வி போகவில்லையே.

இதை நான் திருப்பூருக்கு எதிராகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். இந்த ஊர் எங்களைக் காப்பாற்றியும் இருக்கிறது. கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நெவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் திருப்பூர் வட்டாரக் கிராமங்களில் பல ஆண்டுகள் வேலை செய்தவர்கள். ‘டி-ஷர்ட்களும் டம்ளர்களும்’ என்ற பொருள்படும் தலைப்பில் 2014இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். இரண்டு கிராமங்களை ஒப்பிடுகிறார்கள். ஒன்றில் தலித்துகள் தினமும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய் வருகிறார்கள். நிலக்காரரை நம்பியிருப்பது குறைந்ததும், ஊருக்குள் அவர்கள் தலை நிமிர்ந்தது. இன்னொன்றில் தலித்துகள் விசைத்தறியில், முன்பணக் கடனில் தறி முதலாளிகளிடம் கட்டுண்டு கிடக்கிறார்கள். அங்கே பழைய அடங்கிப்போதல் புது வடிவில் தொடர்கிறது.

என் அம்மா முதல் வகைக் கிராமத்தில் இருந்து வந்தவர். பிசிர் வெட்டினார், கைமடித்தார், பிறகு செக்கிங் டேபிளுக்குப் போனார். சனிக்கிழமை சம்பளக் கவரில்தான் நான் படித்தேன். “பவர் டேபிள்ல உக்காந்தா யாரு என்ன சாதின்னு மிசினுக்குத் தெரியுமா?” என்பார். அவர் சொன்னது பாதி உண்மை. தளத்தில் பீஸ் கணக்குத்தான் பேசும். ஆனால் எங்கள் தலைமுறை படித்து மாடிப்படி ஏறி அலுவலகத்துக்குள் வரும்போது, அங்கே பீஸ் கணக்கு இல்லை. யாரோடு டீ குடிக்கிறோம், யார் நம்மை மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள், பையர் வரும்போது யாரை முன்னால் நிறுத்துகிறார்கள் என்ற கணக்கு இருக்கிறது. டீம் என்ற சொல் அங்கேதான் வருகிறது.

இந்த விளையாட்டுகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படித்தேன். படித்தபோது எனக்கே ஆச்சரியம்.

குர்ட் லெவின் என்று ஓர் உளவியலாளர். ஜெர்மனியில் வாழ்ந்த யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் தப்பி அமெரிக்கா போனார். அவருடைய தாயை நாஜிகள் வதைமுகாமில் கொன்றார்கள். 1946இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், இனப் பாகுபாட்டை எதிர்த்து வேலை செய்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்க அந்த மாநிலத்தின் இன நல்லுறவு ஆணையம் அவரை அழைத்தது. சிறு குழுக்களாக உட்கார்ந்து பேசுவது, நடித்துப் பார்ப்பது, குழுவுக்குள் நடந்ததை அந்தக் குழுவே திரும்பிப் பார்ப்பது எல்லாம் அங்கே முறைப்பட்டன. 1947இல் லெவின் இறந்தார். அதே ஆண்டு மெய்ன் மாநிலத்தின் பெத்தேல் என்ற ஊரில் அவருடைய தோழர்கள் பயிற்சிக்கூடம் தொடங்கினார்கள். அங்கிருந்துதான் இந்த முறைகள் பெருநிறுவனங்களுக்குள் பரவின. இன்று எச்.ஆர். நடத்தும் டீம் பில்டிங்குக்கு ஒரு முக்கியமான வேர் இது. அதாவது, பாகுபாட்டை உடைக்கப் பிறந்த கருவி இது. வழியில் எங்கேயோ பாகுபாட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பலூனை மட்டும் நம் கையில் கொடுத்துவிட்டார்கள்.

1954இல் கோர்டன் ஆல்போர்ட் தன் புத்தகத்தில் ஒரு கேள்விக்குப் பதில் தேடினார்: வேறு வேறு பிரிவினர் ஒன்றாகப் பழகினால் வெறுப்பு குறையுமா? சும்மா பழகினால் குறையாது, நான்கு நிபந்தனைகள் வேண்டும் என்றார். பழகும் இடத்தில் இரு தரப்புக்கும் சம மதிப்பு இருக்க வேண்டும். பொதுவான இலக்கு இருக்க வேண்டும். போட்டி போடாமல் கூடி உழைக்க வேண்டும். மேலே அதிகாரத்தில் இருப்பவர்கள் அதை ஆதரிக்க வேண்டும். என் பந்து விளையாட்டை இதில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடத் தேறவில்லை.

இது எல்லாம் வெள்ளைக்காரர் கதை என்று தள்ள வேண்டாம். உத்தரப்பிரதேசத்தில் மேத்யூ லோவ் என்ற பொருளியலாளர் 2017இல் கிரிக்கெட் லீக் நடத்தி ஆய்வு செய்தார். பல சாதிகளைச் சேர்ந்த 1,261 இளைஞர்கள். சிலரைச் சாதி கலந்த அணியிலும் சிலரை ஒரே வகைச் சாதியினர் உள்ள அணியிலும் குலுக்கல் முறையில் போட்டார். 2021இல் முடிவுகள் வெளியாயின. ஒரே அணியில் சேர்ந்து ஆடியவர்களிடம் சாதி கடந்த நட்பு கூடியது. எதிரணியாக மோதிக்கொண்டவர்களிடம் அப்படி நடக்கவில்லை, பெரும்பாலும் எதிர்மாறாகவே இருந்தது. ஆக, விளையாட்டு என்றால் நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. யார் யாரோடு, எந்தப் பக்கம் நின்று, எப்படி ஆடுகிறார்கள் என்பதில் எல்லாம் இருக்கிறது.

சரி, சனிக்கிழமைக்கு என்ன செய்வது என்று தம்பி கேட்டான். நான் இப்போது நடத்துகிறவற்றைச் சொல்கிறேன். எதற்கும் செலவு இல்லை, எதுவும் இருபது நிமிடத்துக்கு மேல் போகாது.

ஒன்று, கை அறிமுகம். வட்டமாக நிற்க வேண்டும். உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும், உங்கள் கைக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலை எது. இரண்டே கேள்வி. ஒருவர் பூ கட்டுவேன் என்பார், ஒருவர் பைக் பஞ்சர் ஒட்டுவேன் என்பார், எம்.டி.க்கு டீ போடத் தெரியும் என்பது அன்றுதான் வெளியே வரும். சொந்த ஊர், குலதெய்வம், பள்ளி, அப்பாவின் வேலை, சின்ன வயதுப் புகைப்படம், வீட்டுப் படம் எதையும் கேட்காதீர்கள். யாராவது குறுக்கே கேட்டால், “இன்னைக்குக் கை மட்டும்தாங்க” என்று நீங்கள் தடுக்க வேண்டும். நடத்துகிறவரின் வேலை அது. கைதட்டி அடுத்தவருக்குப் போவதல்ல.

இரண்டு, பேசாத வரிசை. வாய் திறக்காமல், எழுதாமல், பிறந்த மாதம் தேதிப்படி எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும். ஆண்டு வேண்டாம். ஐந்து நிமிடம். விரலைக் காட்டிச் சைகை செய்து சிரித்து முடிப்பதற்குள் பெரிய சாரும் புதிதாகச் சேர்ந்த உதவியாளரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். அந்த வரிசையில் இருந்தே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி அணி பிரித்துவிடுங்கள். ‘உங்களுக்குப் பிடித்தவர்களோடு சேருங்கள்’ என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். கடைசியில் யாரும் கூப்பிடாமல் நிற்கப்போவது யார் என்று நமக்குத் தெரியும்.

மூன்று, முதுகோடு முதுகு. இரண்டு பேர் முதுகைக் காட்டி உட்கார வேண்டும். ஒருவரிடம் ஒரு எளிய படம், மற்றவரிடம் வெள்ளைத் தாள். படம் வைத்திருப்பவர் வாயால் சொல்ல, மற்றவர் வரைய வேண்டும். மேலதிகாரி எப்போதும் வரைகிற பக்கம். கட்டளை போட்டே பழகியவர்களுக்கு, கேட்டுச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று பத்து நிமிடத்தில் தெரியும். சாம்பிள் தப்பாக வந்தால் டெய்லரைத் திட்டுகிற மெர்ச்சண்டைசர்கள் இதில் அமைதியாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

நான்கு, கட்டிங் வேஸ்ட் கோபுரம். மார்ஷ்மெல்லோவும் ஸ்பாகெட்டியும் வைத்து ஆடுகிற விளையாட்டை நம் ஊருக்கு மாற்றியது. ஒரு பை துண்டுத் துணி, பத்து நூல் கோன், பதினைந்து நிமிடம். தானாக நிற்கிற உயரமான கோபுரம் கட்ட வேண்டும். முதல் சுற்றில் அணிக்கு அணி போட்டி. இரண்டாவது சுற்றில் எல்லா அணிப் பொருள்களையும் ஒன்றாகக் கொட்டி, எல்லாரும் சேர்ந்து ஒரே கோபுரம். இரண்டாவது சுற்றுதான் முக்கியம். கையைப் பிடித்து முடிச்சுப் போடுவது, பின்னால் சாய்ந்து விழுந்து மற்றவர் பிடிப்பது போன்றவற்றை நான் விட்டுவிட்டேன். தொட விருப்பமில்லாத பெண்களைக் கட்டாயப்படுத்துகிறோம். சிலர் விரல் நுனியால் தொடுவதைத் தொடப்படுகிறவர் கவனிப்பார் என்பதையும் மறக்கிறோம்.

ஐந்து, ஒரு பனியனின் பயணம். இது நானே செய்தது. நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், பிசிர், செக்கிங், லேபிள், கைமடி, அயனிங், பேக்கிங், அடுக்கிக் கட்டுதல், ஷிப்பிங். ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை. இரண்டு அட்டை கூடுதலாக: ‘தளத்தைக் கூட்டுகிறவர்’, ‘கழிப்பறை கழுவுகிறவர்’. முதலில் வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு அட்டையின் கீழும் இந்தக் கம்பெனியில் அந்த வேலை செய்யும் ஒருவரின் பெயரை எழுதச் சொல்லுங்கள். பதவி கூடாது, பெயர் வேண்டும். அலுவலக ஊழியர்களின் பேனா எந்த அட்டையில் நிற்கிறது என்று கவனியுங்கள். நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம். வெற்று அட்டைகளை மேசையில் அப்படியே வையுங்கள்.

ஆறு, சீட்டு. ஒரே நிறத் தாள், ஒரே நிறப் பேனா, பெயர் வேண்டாம். ‘இந்த அலுவலகத்தில் உங்களைச் சின்னவராக உணரவைக்கும் ஒரு விஷயம்.’ மடித்து ஒரு டப்பாவில் போட வேண்டும். நடத்துகிறவர் மட்டுமே பிரித்து வாசிக்க வேண்டும், கையெழுத்தை யாரும் பார்க்கக் கூடாது. தொடங்கும் முன்பே மேலாளரிடம் ஒரு வாக்குறுதி வாங்கிவிடுங்கள்: வருகிற சீட்டுகளில் ஒன்றையாவது இன்ன தேதிக்குள் சரிசெய்வேன் என்று. வாக்குறுதி கிடைக்காவிட்டால் இதை நடத்தாதீர்கள். வலியைச் சொல்லவைத்துவிட்டுக் கைதட்டிக் கலைவதைவிட பலூன் ஊதுவது மேல்.

ஒன்றை நடத்த வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். ‘உங்கள் வீட்டில் கார் இருந்தால் ஓரடி முன்னால் வாருங்கள், உங்கள் தாத்தா படிக்காதவர் என்றால் ஓரடி பின்னால் போங்கள்’ என்று நிற்கவைத்து நடத்துவார்கள். முற்போக்கான முகாம்களில் நம் தோழர்களே ஆசையாக நடத்துகிறார்கள், நானும் நடத்தியிருக்கிறேன். கடைசியில் சுவரோரம் நிற்பது நம் பிள்ளைகள்தான். முன்னால் நிற்பவர்கள் திரும்பிப் பார்த்துக் கண் கலங்குவார்கள், பாடம் கற்றுக்கொண்டோம் என்பார்கள். அந்தப் பாடத்துக்குக் கூலி கொடுத்தது யார்? அவசியம் என்றால், சீட்டில் கற்பனைப் பாத்திரங்களைக் கொடுத்து அந்தப் பாத்திரமாக நடக்கச் சொல்லுங்கள். நிலக்காரரின் மகன் தூய்மைப் பணியாளராக நடந்து பார்க்கட்டும். நம் பிள்ளை கலெக்டராக நடக்கட்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு தம்பி கேட்டான்: “இதெல்லாம் பண்ணினா சாதி போயிடுமாக்கா?”

போகாது. சமபந்தி சாப்பாட்டால் மட்டும் சாதி சாகாது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே ‘சாதி ஒழிப்பு’ நூலில் சொல்லிவிட்டார். சேர்ந்து சாப்பிட்டே தீராதது சேர்ந்து விளையாடியா தீரும்? விளையாட்டு ஒரு மணி நேரத்துக்கு ஒரு சமமான தரையைப் போட்டுக் காட்டும். அந்தத் தரை மற்ற நேரங்களிலும் இருக்க வேண்டும் என்றால் விதி வேண்டும், அமைப்பு வேண்டும்.

பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலுக்கு 2013 சட்டம் இருக்கிறது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம், ஊழியர்களுக்குப் பயிற்சி கட்டாயம். அலுவலகத்தில் சாதியால் ஒதுக்கப்பட்டவர் போய்ச் சொல்ல அப்படி ஒரு கட்டாயக் குழு தனியார் நிறுவனத்தில் கிடையாது. இது நாம் கேட்க வேண்டிய கோரிக்கை.

முடியாதது அல்ல என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில், ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். அவர் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற சங்கத்தைச் சேர்ந்தவர். தலித் பெண்கள் தலைமை தாங்கும் சங்கம் அது. அவர்கள் விடவில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரலில் நிறுவனத்தோடும், அதனிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பிராண்டுகளோடும் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கையெழுத்தானது. பாலியல் வன்முறையோடு சாதிப் பாகுபாடும், புலம்பெயர்ந்த தொழிலாளர் மீதான பாகுபாடும் அதில் சேர்க்கப்பட்டன. தொழிலாளர்களில் இருந்தே சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தவர்கள் தளத்தில் கண்காணிக்கிறார்கள். அங்கேயும் பயிற்சி உண்டு, குழுவாக உட்கார்ந்து பேசுவது உண்டு. ஆனால் பயிற்சிக்குப் பின்னால் கையெழுத்துப் போட்ட காகிதம் இருக்கிறது, மீறினால் ஆர்டர் போகும் என்ற பயம் இருக்கிறது. ஆல்போர்ட் சொன்ன நான்காவது நிபந்தனையான அதிகாரத்தின் ஆதரவைக் கெஞ்சி வாங்காமல் போராடி வாங்கினார்கள்.

அந்த மெர்ச்சண்டைசர் தங்கையிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இப்போது வேறு கம்பெனியில் சீனியராக இருக்கிறாள். “எழுதுங்கக்கா. ஊரு பேரு மட்டும் போட்டுடாதீங்க” என்றாள். போடவில்லை.

தம்பி நேற்று சனிக்கிழமை நடத்திவிட்டு இரவு அழைத்தான். கை அறிமுகம் நன்றாகப் போனதாம். பனியன் பயணத்தில் இருந்த பதினைந்து அட்டைகளில் ஏழு வெற்றாகவே கிடந்ததாம். மேலாளர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாராம். அன்று மட்டும் ஹாலைக் கூட்டுகிற அம்மாவையும் இவன் வற்புறுத்தி உட்காரவைத்திருக்கிறான். அவருக்கு எழுத வராது என்பதால் அவருக்குக் காதோடு கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறான். எல்லாருடைய சீட்டையும் கலந்து வாசித்தபோது அதில் ஒன்றில் இரண்டே சொல் இருந்தது: டீ டம்ளர்.

“என்ன டம்ளர், புரியலையேன்னு எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்கக்கா. எனக்கும் என்ன சொல்றதுன்னு தெரியல. வாசிச்சுட்டு வெச்சுட்டேன்” என்றான்.

“திங்கக்கிழமை காலைல சீக்கிரம் போ. பேண்ட்ரில ஸ்டாஃப் டம்ளர் எங்க இருக்கு, கூட்டறவங்க டம்ளர் எங்க இருக்குன்னு பாரு. தனியா இருந்தா, மேனேஜர்கிட்டப் போயி, அவரு சரி பண்றேன்னு சொன்ன ஒண்ணு இதுதான்னு சொல்லு” என்றேன்.

“நான் சாதாரண டிரெய்னிக்கா. சொன்னா கேப்பாங்களா?”

“கேக்கலைன்னா எனக்குப் போன் பண்ணு. நானும் வர்றேன்.”

இதை எழுதும்போது ஞாயிறு இரவு. நாளைக் காலை எட்டரைக்கு அவன் அங்கே இருப்பான்.

ஜெய் பீம்.